மவுசாக்கலைக் கரையில் ஓரிரவு

பள்ளிக்கூட லீவு விட்டதும், கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும், "மவுசாக்கலைப் பக்கம் கூடாரம் அடிச்சு ஒரு ராத்திரி இருந்துட்டு வாறோம்" என்ற பேச்சு லயங்களில் கிளம்பிவிடும். போகவேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு போகட்டும். ஆனால் எந்த இடத்தில் படங்கு கட்டுவது?

1969இல் அணை கட்டி முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. மழையில்லாத மாதங்களில், மின்சாரம் எடுக்கத் தண்ணீர் போகப்போக மட்டம் இறங்கும். பழைய கோயில் தலைகாட்டும். அதைப் பார்க்கத்தான் இளவட்டங்கள் இறங்குகிறார்கள். அப்போது சுற்றிவர, புல் பூண்டில்லாத வெறும் மண் தெரியுமே, அது கரை அல்ல, நீர்த்தேக்கத்தின் அடி. மேலே காய்ந்து வெடித்திருக்கும், கீழே சேறு. கால் வைத்தால் இறங்கும். புல்லும் மரமும் தொடங்குகிற கோட்டுக்கு மேலேதான் படங்கு கட்ட வேண்டும். ஓடை வந்து விழும் வாயிலும் வேண்டாம். மலையில் பெய்த மழை இருட்டில் சொல்லாமல் வரும். அணைக்குக் கீழே ஆற்றோரம் வேண்டவே வேண்டாம், வான்கதவு திறந்தால் ஓட நேரம் இராது.

"முழங்கால் தண்ணிதானே, அவன் நீச்சல் தெரிஞ்சவன்" என்பார்கள். தண்ணீருக்கடியில் பழைய ஆற்றுக்கரை இருக்கிறது. ஒரு அடி முழங்கால், அடுத்த அடி ஆள் மட்டம். ஒருவர் தத்தளித்தால் பின்னால் குதிக்கக்கூடாது. கயிற்றையோ, மூடி இறுக்கிய வெறும் கேனையோ எறிய வேண்டும். ஆகவே இரண்டும் கையில் இருக்கட்டும்.

மேலே உள்ளது சிவனொளிபாதமலைக் காடு, 2010 முதல் உலக மரபுரிமை. அங்கே சிறுத்தை உண்டு. நாயைக் கூட்டிப் போகாதீர்கள், நாய் வாசனைக்குத்தான் அது கிட்ட வரும். காட்டோரம் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்குகளும் கிடக்கும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொன்றில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தது. மானாப்புல் காய்ந்த காலத்தில் நெருப்பு மூட்டாமல், ரொட்டியும் சம்பலும் வீட்டிலேயே கட்டிக்கொண்டு போவது நல்லது.

சொப்பிங் பைகளையும் போத்தல்களையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். இந்தத் தண்ணீர்தான் களனி கங்கையாகி, கொழும்பில் வேலை செய்யும் அதே பிள்ளைகளின் குழாய்க்குப் போகிறது.

அட்டைக்கு என்ன செய்வது என்று நாம் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? சவர்க்காரக் கட்டி ஒன்றைப் பையில் போட்டுவிடுங்கள்.