வரியின் எல்லை

எழுத்துக் கண்ணுக்குத் தெரியும், சொல்லும் தெரியும். ஆயின், ஒரு வரி முடிந்து மறுவரி தொடங்கும் எல்லையைக் காட்டுவது யாது?

ஓலைச்சுவடி எழுதியோர் செய்யுளை அடிஅடியாகப் பிரித்து எழுதினாரல்லர். ஓலையின் ஓரம்வரை இடைவிடாது எழுதிச் சென்றனர். அடியின் எல்லையை யாப்பறிந்தோரே உணர்ந்தனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் அவ்வெல்லையைக் கண்டு அச்சேற்றினர்.

தட்டச்சுப் பொறியில் வரியை முடித்தல் இரு செயல்களாயிற்று. தாளைத் தாங்கும் பகுதி தொடக்கத்திற்கு மீளுதல் ஒன்று. தாள் ஒரு வரி மேலேறுதல் மற்றொன்று. தொலையச்சுப் பொறியில் இவற்றிற்கு மீட்சிக் குறி, ஏற்றக் குறி எனத் தனித்தனிக் குறிகள் அமைந்தன. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்கி முறையில் மீட்சிக் குறி 13 என்னும் எண்ணையும், ஏற்றக் குறி 10 என்னும் எண்ணையும் பெற்றன.

கணினியின் கோப்பில் மீள்வதற்கும் ஏறுவதற்கும் ஒன்றுமில்லை. எனினும் அக்குறிகள் நின்றுவிட்டன. யூனிக்ஸும் அதன் வழிவந்த லினக்ஸும் 10 என்னும் குறி ஒன்றையே கொண்டன. விண்டோஸ் 13, 10 என இரண்டையும் கொண்டது. பழைய மக்கின்டோஷ் 13 ஒன்றையே கொண்டிருந்தது.

மந்தாரக்குப்பத்து மாணவி ஒருத்தி, பழுப்பு நிலக்கரியைப் பற்றி லினக்ஸ் கணினியில் இருபது வரிகள் எழுதி, விண்டோஸ் கணினியுடைய தோழிக்கு அனுப்பினாள் எனக் கொள்வோம். 2018ஆம் ஆண்டுக்கு முற்பட்ட நோட்பேட் அவ்விருபது வரிகளையும் ஒரே வரியாகக் காட்டும். 13 இன்றித் தனித்து வரும் 10ஐ அஃது வரியெல்லையாகக் கொள்ளாது. அவ்வாண்டில் அக்குறை நீக்கப்பெற்றது.

மறுதலையாக நிகழும் பிழை இதனினும் நுண்ணியது. விண்டோஸில் எழுதிய பெயர்ப்பட்டியலை லினக்ஸ் நிரல் படிக்குங்கால், 10 வரியெல்லையாகிவிட, 13 பெயரின் ஈற்றில் ஒட்டி நிற்கும். 'வள்ளி' என்னும் பெயரும், ஈற்றில் மறைகுறியுடைய 'வள்ளி' என்னும் பெயரும் நம் கண்ணுக்கு ஒன்றே. நிரலுக்கோ வேறு வேறு. பட்டியலில் உள்ள பெயரை அஃது இல்லையெனக் கூறிவிடும்.

ஆதலின், நல்ல உரைத்திருத்தி கோப்பைத் திறந்தவுடன் அதன் வரிமுறையை அறிகிறது. சேமிக்கும்போது அம்முறையையே காக்கிறது. வேண்டுவோர்க்கு மாற்றியும் தருகிறது. பலர் கூடி ஒரு கோப்பைத் திருத்துங்கால், ஒருமுறையை முன்னரே உறுதி செய்துகொள்ளல் நன்று. கண்ணுக்குப் புலப்படாதது இல்லாததாகாது என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

வினாக்கள்

1. வரியை முடித்தற்கு இரு குறிகள் ஏற்பட்டமைக்குக் காரணம் யாது?
2. பட்டியலில் உள்ள பெயரை நிரல் இல்லையெனக் கூறுவது எவ்வாறு? விளக்குக.