பழைய கடல்நீர்த் தொட்டி

தில்லியில் கடல் ஏது? அதனாலேயே, மாற்றலாகிச் செல்லும் அண்டை வீட்டார் தம் கடல்நீர் மீன்தொட்டியைப் பாதி விலைக்குத் தருவதாகக் கூறியதும் சிறுவன் துள்ளினான்.

தந்தை கண்ணாடி இணைப்புகளைத் தடவிப் பார்த்தார், கசிவு இல்லை. “மீன்களுக்கு நோய் வந்தபோது செம்பு கலந்த மருந்து இட்டீர்களா, ஐயா?” என வினவினார். செம்பு கல்லிலும் மணலிலும் தங்கிவிடும். பின்னர் விடப்படும் இறாலையும் நத்தையையும் கொல்லும்.

“இட்டதில்லை” என்றார் அவர்.

தொட்டியிலிருந்த செயற்கைக் கற்களை உப்புநீரில் அமிழ்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். மீன்கழிவில் தோன்றும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் அவற்றில் வாழ்கின்றன. கற்கள் உலர்ந்தால் அவை மடியும். மீண்டும் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களை விடலாகாது. லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பும் வேண்டும்.

அப்போது சிறுவன், “இதோ, உயிருள்ள பவளம்!” என்று மூலையைச் சுட்டினான். அதுவரை தந்தை அதனைக் கவனிக்கவில்லை. பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை; விற்பதும் வாங்குவதும் குற்றம்.

“அறியாமல் வாங்கிவிட்டேன்” என்றார் அண்டை வீட்டார், தாழ்ந்த குரலில்.

“இதை வனத்துறையிடம் ஒப்படையுங்கள், ஐயா. தொட்டியைப் பற்றிப் பிறகு பேசுவோம்” என்றார் தந்தை. சிறுவன் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

சிந்தித்து எழுதுக: அண்டை வீட்டாரின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்?