பழைய பள்ளிக்கூடம்: இடிப்பதா? காப்பதா?



நம் கார்வேட்டிநகரம் பழமையான ஊர். ஒரு காலத்தில் இது ஒரு ஜமீனின் தலைநகரம். இங்கே அரண்மனை இருக்கிறது. வேணுகோபால சுவாமி கோயில் இருக்கிறது. கல் படிகள் கொண்ட ஸ்கந்த புஷ்கரிணி இருக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் மாவட்ட நிறுவனமும் நம் ஊரில்தான் இருக்கிறது.

ஒரு நாள் மாலை நம் கற்போர் வட்டத்தில் பழைய பள்ளிக்கூடங்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

"பழசை எல்லாம் இடிச்சுட்டுப் புதுசா கட்டணும். அப்பதான் ஊரு முன்னேறும்" என்றார் ஓர் அண்ணன்.

"அந்தத் திண்ணையில உக்காந்துதான் எங்க அண்ணன் படிச்சாரு. என்னை அனுப்பல. வெளியில நின்னு பாப்பேன். அதை இடிக்கச் சொல்றியே!" என்றார் ஒரு பாட்டி.

"மழையில சுவரு பிள்ளைங்க மேல விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார் ஓர் அக்கா.

மூன்று பேர் சொன்னதும் நியாயம்தான். அப்படியானால் எது சரி?

வயது மட்டும் காரணம் அல்ல

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிவறைச் சுவர் இடிந்து விழுந்தது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது நூறு வருடச் சுவர் அல்ல. அடித்தளம் சரியாக இல்லை என்று முதல் விசாரணையில் தெரிய வந்தது. அதன் பிறகு தமிழ்நாடு முழுவதும் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தார்கள். ஆபத்தானவற்றை இடித்தார்கள்.

புதுச்சேரியில் மேரி கட்டடம் என்று ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம். நூறு வருடத்துக்கும் மேல் நின்றது. பழுது பார்க்காமல் விட்டார்கள். 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. பிறகு பல கோடி ரூபாய் செலவு செய்து, பழைய உருவத்திலேயே கட்டினார்கள். 2021-இல் திறந்தார்கள். முன்பே கவனித்திருந்தால் செலவு குறைந்திருக்கும்.

ஆகவே, பழசு எல்லாம் ஆபத்து அல்ல. புதுசு எல்லாம் பத்திரமும் அல்ல. கட்டடத்தைக் காப்பது கவனிப்புதான்.

ஒரு தெரு மீண்டும் உயிர் பெற்றது

அதே புதுச்சேரியில் வைசியாள் வீதி என்று ஒரு தெரு உண்டு. தமிழர் வீடுகள் நிறைந்த தெரு. வாசலில் திண்ணை. திண்ணைக்கு முன்னால் மரத்தூண் வைத்த தாழ்வாரம். வெயிலில் நடப்பவர்க்கு நிழல். வீட்டுக்குள் முற்றம்.

நாள் ஆக ஆக இவை சிதைந்தன. பல வீடுகளை இடித்தார்கள். 2000-க்குப் பிறகு இன்டாக் என்ற அமைப்பும் அரசும் வீட்டுக்காரர்களும் சேர்ந்தார்கள். ஐரோப்பிய நாடுகளின் உதவியும் கிடைத்தது. வீடுகளின் முன்பக்கத்தைச் சீர் செய்தார்கள். திண்ணையும் தாழ்வாரமும் மீண்டும் வந்தன. 2008-இல் இந்த வேலைக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது.

யாரையும் வெளியேற்றி அந்தத் தெருவை அழகு செய்யவில்லை. மக்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை கிடைத்தது.

புதுச்சேரியில் 1877-இல் தொடங்கிய கலவைக் கல்லூரி என்ற அரசுப் பள்ளியும் உண்டு. அதன் பழைய கட்டடத்தையும் தோற்றம் மாறாமல் பழுது பார்க்கும் வேலை நடந்தது.

முதல் எதிரி தண்ணீர்

பழைய சுவர்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. அவற்றில் ஈரம் ஏறும், பிறகு காய்ந்துவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். பூச்சு உதிரும். உத்திரத்தின் நுனி உளுத்துப் போகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்துச் செய்வதே நல்லது.

மழைக்காலத்துக்கு முன்பு இவற்றைப் பாருங்கள்:

1. கூரையில் ஓடு உடைந்திருக்கிறதா?
2. சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா?
3. சுவர் ஓரம் தண்ணீர் தேங்குகிறதா?
4. உத்திரத்தில் கரையான் இருக்கிறதா?
5. சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா?

விரிசல் இருந்தால் ஒரு வழி உண்டு. விரிசல் முடியும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது என்று அர்த்தம். உடனே இன்ஜினீயர் பார்க்க வேண்டும். சுவர் சாய்ந்திருந்தால் ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே பிள்ளைகளை வேறு இடத்தில் உட்கார வைக்க வேண்டும். தாங்காது என்று இன்ஜினீயர் சொன்னால், இடிக்கத்தான் வேண்டும். பிள்ளைகளின் உயிர்தான் முதலில்.

நாமும் பங்கு கொள்வோம்

ஆந்திராவில் 2019 நவம்பர் 14 அன்று 'நாடு நேடு' திட்டம் தொடங்கியது. 'அன்றும் இன்றும்' என்பது அதன் பொருள். முதல் கட்டத்தில் 15,715 பள்ளிகளை எடுத்தார்கள். கழிவறை, குடிநீர், மின்விசிறி, பழுது வேலை என்று பல வேலைகள் நடந்தன. வேலையை நடத்தும் பொறுப்பு பெற்றோர் குழுவிடம் இருந்தது. கூலி வேலை செய்யும் தாய்மாரும் கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள்.

பள்ளிக்கூடம் வாத்தியாருக்கு மட்டும் சொந்தம் அல்ல. நமக்கும் சொந்தம். ஒரு குறை கண்டால் எழுதிக் கொடுப்போம். இப்படி எழுதலாம்:

"தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். பள்ளியின் மேற்குச் சுவரில் விரிசல் இருக்கிறது. அது வளர்கிறது. மழைக்கு முன்பு இன்ஜினீயரை வரவழைத்துப் பார்க்க வேண்டுகிறோம். இப்படிக்கு, பெற்றோர்."

தேதி போடுங்கள். ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் மண்டலக் கல்வி அதிகாரிக்கு எழுதுங்கள்.

அன்று அந்தப் பாட்டி இதே மனுவை நோட்டில் எழுதிப் பார்த்தார். கடைசியில் தன் பெயரையும் எழுதினார். "உள்ள போயி படிக்க விடல. இப்போ அந்தப் பள்ளிக்கூடத்துக்காக நானே எழுதறேன்" என்றார்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் தெருவில் மிகப் பழைய கட்டடம் எது? இப்போது எப்படி இருக்கிறது?
2. மூடிக் கிடக்கும் பள்ளிக் கட்டடத்தைச் சீர் செய்தால் எதற்குப் பயன்படுத்தலாம்? படிப்பகமா? அங்கன்வாடியா?
3. மேலே உள்ள மனுவை உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாற்றி எழுதுங்கள்.