நேர்காணலுக்கு ஆள் பார்க்க உட்காருகிறவர்களுக்கு

கடையம் பக்கத்தில் பள்ளிக்கு ஆசிரியர் எடுத்தாலும் கடைக்குக் கணக்கர் எடுத்தாலும் “தகுதி பார்த்துத்தான் எடுத்தோம்” என்கிறோம். மார்க் ஷீட்டில் இருப்பது போக மீதித் தகுதியெல்லாம் பார்ப்பவர் கண்ணில்தான் இருக்கிறது. அந்தக் கண்ணுக்குக் கட்டுப்பாடு வேண்டும்.

செய்ய வேண்டியவை

• எதற்கு எத்தனை மார்க் என்பதை முன்கூட்டியே எழுதி, தலைப்புவாரியாகப் போடுங்கள். 1970-ல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மார்க். விளையாட்டு அல்லது என்.சி.சி., சேவை, உடல்திறன், பொதுத்திறமை, நாட்டம் என ஐந்து தலைப்புகள் இருந்தும், தேர்வுக்குழு மொத்தமாக ஓர் எண்ணைப் போட்டது. பெரியகருப்பன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. மொத்தமாகப் போட்ட எண்ணுக்குள் விருப்பு, வெறுப்பு, சிபாரிசு எதுவும் ஒளிந்துகொள்ளலாம்.

• பேச்சுக்குக் குறைந்த மார்க் வையுங்கள். ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கையில் 150-க்கு 50 மார்க்கை இரண்டு மூன்று நிமிடப் பேச்சில் முடிவு செய்தார்கள். 1980-ல் அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம், நேர்காணல் மார்க் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றது.

• வேலையைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். ஆசிரியர் என்றால் ஒரு பாடம், கணக்கர் என்றால் ஒரு நாள் வரவுசெலவு.

• குழுவில் அவரவர் மார்க்கைப் போட்ட பிறகே பேசுங்கள். பெரியவர் “பையன் பரவாயில்லை” என்று ஆரம்பித்துவிட்டால் மற்றவர்கள் பேனா அந்தப் பக்கமே சாயும்.

செய்யக்கூடாதவை

• “எந்தத் தெரு? யாரு மகன்?” என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்கிற பிள்ளைக்கும் தெரியும். சாதாரணமாகத்தான் கேட்டேன் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சாதி அடையாளமாகக் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்ப்பதும் அதே கேள்விதான்.

• சரளமான ஆங்கிலத்தை அறிவு என்று எண்ணாதீர்கள். அது பல நேரம் அப்பா கட்டிய ஸ்கூல் பீஸ்.

• மார்க்கோ பட்டமோ பார்க்காமல் எடுக்கிறோம் என்பதாலேயே நியாயம் வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2005-ல் சென்னையில் தொடங்கிய பள்ளி இன்று தென்காசியிலும் நடக்கிறது. பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்குக் கட்டணம் இல்லாமல், உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுத் தருகிறார்கள். பட்டம் என்ற தடை நீங்கியது பெரிய விஷயம், மனதார வரவேற்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட இடத்தில் தேர்ந்தெடுப்பவரின் கணிப்புக்குக் கனம் கூடும், பொறுப்பும் கூடும்.

• பெண்களிடம் “கல்யாணம் எப்போ?” வேண்டவே வேண்டாம்.

• “சொல்லி அனுப்புகிறோம்” என்று விட்டுவிடாதீர்கள். பஸ் ஏறி வந்த பிள்ளைக்கு எந்தத் தலைப்பில் குறைந்தது என்று ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள். மார்க் தாளைக் கேட்டால் காட்டுங்கள்.