தூண்டில் நாணும் முன்னிழையும்

தூண்டில் என்றவுடன் நம் நினைவிற்கு முதற்கண் வருவன கோலும் முள்ளுமே. அவ்விரண்டையும் இணைத்து நிற்கும் நாணைப்பற்றி எண்ணுவோர் சிலரே. கடைக்குச் செல்வோர், "நல்ல பலமான நரம்பாகக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கி வருகின்றனர். பலம் ஒன்றே நாணின் தகுதி எனக் கொள்ளும் இக்கருத்து எத்துணைப் பிழையுடையது என்பதையும், எம்முறைக்கு எந்நாண் ஏற்றது என்பதையும் இக்கட்டுரையின்கண் ஆராய்வோம். நம் கண்முன் வைத்துக்கொள்ளும் நீர்நிலைகள் திருவண்ணாமலையைச் சூழ்ந்த கண்மாய்களாகும். அருணாசலேசுவரர் எழுந்தருளியுள்ள வடக்கத்தித் திருவண்ணாமலையை இங்குக் கருதற்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அணித்தே, புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மக்கள் திரளும் சீனிவாசப் பெருமாள் கோயிலைத் தன் மேற்கொண்ட சிறு குன்றையே யாம் குறிக்கின்றோம்.

நாண் என்னும் சொல் நாம் புதிதாக இட்டதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், நெடிய மூங்கிற் கோலில் நாண் பூட்டித் தூண்டிலிடும் பாணனைப் புலவர் காட்டுகின்றார். அங்கே வாளைமீன் இரையைக் கவ்விக்கொண்டு தப்பிவிடுகின்றது. தப்பிய அம்மீன் பின்னர் நீரோரத்துப் பிரம்பின் நிழல் அசையக் கண்டும் வெருவுகின்றதாம். ஒருமுறை துன்புற்ற மீன் கோல்போல் தோன்றும் எதனையும் ஐயுறும் என்பதை அப்புலவர் நன்கு அறிந்திருந்தார். இன்று கண்மாய்க் கரையில் அமர்வோரும் முதலிற் கற்கவேண்டிய பாடம் அதுவே. மீன் நாணைக் காணாதிருத்தல் வேண்டும். கண்டாலும் ஐயுறாதிருத்தல் வேண்டும். இதற்காகவே நாணின் கடைசிப் பகுதியை வேறொரு மெல்லிய இழையாலாக்கி, அதில் முள்ளைக் கட்டுகின்றனர். கடைகளில் 'லீடர்' என வழங்கும் அத்துண்டினை யாம் முன்னிழை என்போம்.

இராஜபாளையத்தைச் சேர்ந்த மாணவர்க்கு நூலின் இயல்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆலையில் நூலின் நுண்மையைக் 'கவுண்ட்' என்னும் எண்ணால் அளப்பர். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குமோ அதுவே கவுண்ட். ஆகவே எண் மிக மிக நூல் நுண்ணிதாகும். தூண்டில் நாணுக்கோ விட்டத்தை மில்லிமீட்டரிலும், தாங்கும் எடையைக் கிலோவிலோ பவுண்டிலோ அச்சிட்டிருப்பர். இவ்விரண்டிற்கும் உள்ள தொடர்பு மிக எளிது. இழையின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் 0.20 மி.மீ. இழை 3 கிலோ தாங்குமாயின், அதே பொருளாலாகிய 0.40 மி.மீ. இழை 6 கிலோ அன்று, ஏறத்தாழ 12 கிலோ தாங்கும். மீனின் கண்ணுக்கு இருமடங்காகத் தோன்றுவது நம் கைக்கு நான்மடங்கு வலிமையாகின்றது. இப்பேராசையே பலரைத் தடித்த நரம்பை வாங்கத் தூண்டுகின்றது.

இனிப் பொருள்களை நோக்குவோம். முற்காலத்தில் குதிரைவால் மயிரும், பட்டும், பஞ்சும், சணலும் நாணாகப் பயன்பட்டன. முன்னிழைக்கு மேனாட்டார் பெரிதும் விரும்பியது பட்டுப்புழுவின் சுரப்பியைக் காடியில் ஊறவைத்து இழுத்துச் செய்த இழையாகும். இசுபெயின் நாட்டு முர்சியா அத்தொழிலிற் பெயர்பெற்று விளங்கிற்று. அவ்விழை உலர்ந்தால் எளிதில் ஒடியும். ஆகவே தூண்டிலிடுமுன் அதனை நீரில் ஊறவைத்தல் இன்றியமையாததாயிருந்தது. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கரோதர்ஸ் குழுவினர் 1935ஆம் ஆண்டில் நைலானைக் கண்டனர்; 1938இல் அது உலகறிய அறிவிக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் நைலான் பரவப் பரவப் பட்டுப்புழு இழை வழக்கொழிந்தது. நம்மவர் 'நரம்பு' என்றும் 'தங்கூஸ்' என்றும் கூறுவது பெரும்பாலும் இந்நைலான் ஒற்றையிழையே.

நைலானின் சிறந்த குணம் நெகிழ்ச்சி. அறுமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ அது நீளும். மீன் திடீரெனப் பாயும்போது அந்நெகிழ்ச்சி வில்போல் நின்று அதிர்ச்சியைத் தாங்குகின்றது. குறைகளும் உள. நீரை உறிஞ்சுவதால் நனைந்தபின் அதன் வலிமை சிறிது குன்றும். வெயிலில் நெடுநாள் கிடந்தால் நலியும். சென்ற ஆண்டு நரம்பை இவ்வாண்டும் நம்புதல் தகாது.

புளோரோகார்பன் என்பது பிறிதொன்று. சப்பான் நாட்டுக் குரேஹா நிறுவனத்தார் 1971இல் இதனைத் தூண்டிலிழையாகக் கொணர்ந்தனர். ஒளி நீரிற் புகும்போது வளையும் அளவை 1.33 என்பர், புளோரோகார்பனுக்கு 1.42; நைலானுக்கு 1.53க்குக் குறையாது. நீரின் அளவை எவ்வளவு நெருங்குகின்றதோ அவ்வளவு அவ்விழை நீரில் மறையும். மேலும் இது நீரினும் ஒன்றே முக்கால் மடங்கு கனமுடையதாகலின் விரைந்து அமிழும். கல்லில் உராய்ந்தாலும் எளிதில் தேயாது. விலை மிகுதி, இயல்பு விறைப்பு. ஆதலின் நாண் முழுதும் இதனாலாக்குதல் நம்மனோர்க்கு வேண்டாத செலவு. முன்னிழையாக ஒரு முழம் போதும்.

மூன்றாவது, பாலிஎதிலீன் நுண்ணிழைகளைப் பின்னிச் செய்த நாண். இதனைக் கடைக்காரர் 'பிரெய்டு' என்பர். நம் பெண்டிர் சடை பின்னுவது போலவே நான்கு அல்லது எட்டுப் புரிகளை இணைத்துப் பின்னியது அது. ஒரே பருமனுள்ள நைலானைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு வலிது, சிறிதும் நீளாதது என்றே சொல்லலாம், நீரில் மிதப்பது. நீளாமையால் மீன் இரையைத் தொட்ட மாத்திரத்திலேயே கைக்குச் செய்தி எட்டும். அதே காரணத்தால் மென்வாய் மீனின் உதடு கிழியவும் நேரும். ஒன்றன் குணமே பிறிதோரிடத்துக் குற்றமாவதை இங்குக் காண்க.

இனி முறைகள். நம் கண்மாய்களில் பெருவழக்காயிருப்பது தக்கைத் தூண்டில். மயிலிறகின் தண்டோ நெட்டியோ தக்கையாக மிதக்க, மண்புழு ஒன்று நீரில் தொங்கும். சிறு கெண்டைகளுக்கு 0.12 முதல் 0.16 மி.மீ. வரையுள்ள முன்னிழை போதும், மேல்நாண் 0.18 இருக்கலாம். வளர்ப்பு மீன்களாகிய கட்லா, ரோகு, மிர்கால் விடப்பட்ட கண்மாயாயின் மேல்நாணை 0.30 ஆக்கி, முன்னிழையை 0.25இல் இரண்டு சாண் நீளம் வைத்தல் நலம். இம்மூன்றனுள் கட்லாவின் வாய் மேல்நோக்கியது, அது நீரின் மேற்பகுதியில் மேயும். ரோகு நடுவிலும் மிர்கால் அடியிலும் மேயும். எனவே தக்கையின் கீழ் இழை எத்துணை ஆழம் செல்லவேண்டும் என்பதை மீனே வகுத்துவிடுகின்றது. இவற்றிற்கெல்லாம் நைலானே உரியது. மென்மையான உதட்டுக்கு நெகிழும் நாண் வேண்டும்.

பருவமும் பார்த்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து மலையடிவாரத்து ஓடைகள் கண்மாயிற் புகும்போது நீர் செம்மண்ணாய்க் கலங்கி நிற்கும். அப்போது முன்னிழை சற்றுத் தடித்திருப்பினும் மீன் காணாது. தை, மாசியில் நீர் தெளிந்தபின் அதே இழை கயிறுபோல் தோன்றும். அந்நாளில் புளோரோகார்பன் முன்னிழை தன் விலைக்கு ஏற்ற பயனைத் தரும்.

கெளுத்தி முதலிய அடித்தள மீன்களுக்கு ஈயக்குண்டு கட்டி நாணைத் தரையிற் கிடத்துவர். தரையோ கல்லும் கிளிஞ்சலும் முள்ளும் நிறைந்தது. நம் கண்மாய்கள் பலவற்றுள் நாட்டுக்கருவேல மரங்கள் நீரினுள்ளேயே நிற்பதை அறிவோம். இங்குக் காட்சியினும் உராய்வே பெரிது. 0.35 அல்லது 0.40 மி.மீ. முன்னிழை தகும். ஈயத்தை நாணின்மேல் நழுவியோடுமாறு கோத்தால், மீன் இழுக்கும்போது குண்டின் சுமையை உணராது.

விரால் வேட்டை தனிவகை. அம்மீன் பாசிக்கும் அல்லிக்கொடிக்கும் இடையே பதுங்கி, மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வரும். தவளையையோ தவளை வடிவான போலி இரையையோ பாசிமேல் இழுத்தால் பாய்ந்து கவ்வும். கவ்விய கணமே கொடிக்குள் புகும். நெகிழும் நரம்பு இங்கே தோற்கும். பின்னல் நாணே தாவரத்தை அறுத்துக்கொண்டு வரும். கூர்மையான பல்வரிசையுடைய வாளைக்கும், கடலில் வஞ்சிரத்திற்கும் எந்த நரம்பும் நில்லாது. புரியிட்ட எஃகுக் கம்பியை ஒரு சாண் முன்னிழையாக இடுதல் வேண்டும்.

கடற்கரையினின்று கனத்த ஈயத்தை எறிவோர்க்கு முன்னிழை வேறொரு தொழில் செய்கின்றது. எறியும் வேகத்தின் அதிர்ச்சி மெல்லிய நாணை அறுத்துவிடும். அறுந்த குண்டு அருகிலுள்ளார் தலையைத் தாக்கவும் கூடும். ஆகவே ஓர் அவுன்சு ஈயத்துக்குப் பத்துப் பவுண்டு தாங்கும் முன்னிழை என்னும் கணக்கை அவர்கள் கைக்கொள்கின்றனர். நீலகிரியில் டிரௌட் மீனை இறகு ஈயால் பிடிப்போர் இதற்கு நேர்மாறு. கோலருகே தடித்து முள்ளருகே மெலிந்து செல்லும் ஒன்பதடி முன்னிழையை அவர்கள் இடுவர். அவலாஞ்சியில் 1907இல் மீன்குஞ்சு நிலையம் அமைந்த காலத்தில் அவ்விழை பட்டுப்புழுவினதாயிருந்தது. மெலிவைக் குறிக்க 'எக்ஸ்' என்னும் எண் வழங்கும். பதினொன்றிலிருந்து அவ்வெண்ணைக் கழித்தால் விட்டம் ஆயிரத்தில் எத்தனை அங்குலம் என்பது கிடைக்கும்.

இவ்வளவும் அறிந்து நாணை வாங்கியவர் முடிச்சில் தோற்பதுண்டு. சாதாரண ஒற்றை முடிச்சு விழுந்த நைலான் தன் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். இழையை இரட்டையாக மடித்து முள்ளின் காதிற் செலுத்தி, ஒரு முடிச்சிட்டு, அவ்வளையத்துள் முள்ளையே நுழைத்து இறுக்குவதற்குப் பாலோமர் முடிச்சு என்று பெயர். வழுக்கும் பின்னல் நாணுக்கும் இது பொருந்தும். எந்த முடிச்சாயினும் இறுக்குமுன் எச்சிலாலோ நீராலோ நனைத்தல் வேண்டும். உலர்ந்த இழை உராயும்போது எழும் வெப்பமே அதனை நலிவிக்கும்.

இனி யாம் தலையாயதாகக் கருதுவது ஒன்றுண்டு. எந்நாணும் ஒருநாள் அறும். கருவேல வேரிற் சிக்கும், பெருமீன் முறிக்கும். எங்கே அறவேண்டும் என்பதை நாணைக் கட்டும்போதே நாம் உறுதிசெய்தல் வேண்டும். பாசியிலும் பல்லிலும் எறிதலிலும் முன்னிழை வலிதாயிருத்தல் தவிர்க்கவியலாது என்று கண்டோம். ஏனைய இடங்களில் முன்னிழை மேல்நாணினும் மெலிந்திருப்பின், அறுவது முள்ளருகே. நீரில் எஞ்சுவது ஒரு முழம். இரண்டும் ஒரே பருமனாயின், அல்லது மேல்நாணில் பழுது இருப்பின், அறுவது கரையருகே; அப்போது ஐம்பது கெஜ நரம்பு கண்மாயிற் கிடக்கும். வாயில் முள்ளோடு தப்பிய மீன் அந்நரம்பையும் இழுத்துக்கொண்டு திரியும். வேரில் அது சுற்றியபின் மேயவும் இயலாது, விலகவும் இயலாது.

பஞ்சு நூலும் சணலும் சில திங்களில் மக்கிவிடும். நைலான் பல்லாண்டு மக்காது. சித்திரையில் கண்மாய் வற்றியதும் அதன் தரையில் ஆடுகளும் மாடுகளும் மேய வருகின்றன. குளம்பைச் சுற்றிய நரம்பு நடக்க நடக்க இறுகித் தோலை அறுக்கும். ஆட்டுக்காரர் கண்ணுக்கு அது எளிதிற் படாது. நீர் நிற்கும் நாளில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அதிற் காலைச் சிக்கவைத்துக்கொள்ளும். தூண்டிலுக்குரியவர் வீட்டில் மீன்குழம்பு உண்ணும்போது, அவர் விட்டுவந்த நரம்பு வேறோர் ஏழையின் ஆட்டை முடமாக்குதல் கூடும்.

நம் பகுதியில் மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. மலைமேல் காட்டு நீரோடைகள் காட்டுயிர்க் காப்பிடத்தைச் சேர்ந்தவை; நரைத்த அணிலின் பொருட்டு 1988இல் காப்பிடமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கிய நிலம் அது. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. கோயில் தெப்பக்குளத்து மீன்களைப்பற்றிச் சொல்லவே வேண்டா. கண்மாயிலும் மீன்பாசி குத்தகை எடுத்தவரிடம் கேட்டபின்னரே கோலை நீட்டுதல் முறை.

நாண் சிக்கிக்கொண்டால் கோலை வளைத்து வெட்டி இழுத்தல் கூடாது; கோல் முறியும். கோலை நாணின் நேராக நீட்டி, நாணை ஒரு சிறு குச்சியிற் சுற்றிக்கொண்டு, முகத்தை அப்புறம் திருப்பிப் பையப் பின்வாங்குக. பின்னல் நாணை வெறுங்கையிற் சுற்றினால் விரல் அறுபடும். அறுந்து வந்த பழைய நரம்பைக் கரையில் எறியாது, விரலளவு துண்டுகளாக நறுக்கிப் பையிலிட்டு வீட்டிற்குக் கொண்டு வருக. அதற்கு ஒரு சிறு கத்தரியும் ஒரு தகர டப்பாவும் போதும். இரண்டும் முள் வைத்திருக்கும் பெட்டியிலேயே அடங்கும்.