மூட்டுவலி உள்ள கைகளுக்கேற்ற தூசு உறிஞ்சியைத் தேர்ந்தெடுத்தல்

கைமூட்டு வலிக்குச் சிகிச்சை பெற வருவோரிடம், “வீட்டில் எந்த வேலை உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கிறது?” என்று நாங்கள் கேட்பது வழக்கம். துணி பிழிதல், புட்டியின் மூடியைத் திறத்தல் ஆகியவற்றோடு தரையைப் பெருக்குதலும் அவர்களுடைய விடைகளில் அடிக்கடி இடம்பெறும்.

பெருவிரலின் அடிமூட்டுத் தேய்மானத்திற்காக எங்களிடம் வந்த 68 வயது அம்மையார் ஒருவரின் அனுபவம் பலருக்கும் பயன்படக் கூடியது. விளக்குமாற்றைப் பிடிக்க அவர் படும் துன்பத்தை அறிந்த மகன், வெளியூரிலிருந்து கம்பியில்லா வாக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கி அனுப்பியிருந்தார். விலை உயர்ந்த கருவி அது. ஆயினும் இரண்டு முறை பயன்படுத்திய பின் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. “பிள்ளை ஆசையாக வாங்கித் தந்தது. அதைத் தூக்கினால் கை வலிக்கிறது என்று அவனிடம் எப்படிச் சொல்வேன்?” என்றார் அவர். வலியோடு மீண்டும் விளக்குமாற்றையே எடுத்திருந்தார்.

கருவியில் குறையில்லை. அது அவருடைய கையை அளவாகக் கொண்டு தேர்ந்தெடுக்கப்படவில்லை, அவ்வளவே. அவ்வாறு தேர்ந்தெடுப்பது எப்படி என்பதை இங்குப் படிப்படியாகக் காண்போம்.

கைமூட்டிற்கு எது பகை?

விரல்நுனிகளால் ஒரு பொருளைக் கிள்ளிப் பிடிக்கும்போது, நுனியில் நாம் செலுத்தும் விசையைப் போல் ஏறக்குறைய 12 மடங்கு அழுத்தம் பெருவிரலின் அடிமூட்டில் விழுகிறது. தேய்மானம் உள்ளவர்களுக்குச் சிறு பொத்தானை அழுத்துவதும் வலி தருவதன் காரணம் இதுவே. முடக்குவாதம் உள்ளவர்களுக்கோ மணிக்கட்டும் விரல்களின் அடிமூட்டுகளும் வீங்கி வலுவிழந்திருக்கும்.

ஆகவே மூன்று செயல்களை நாம் தவிர்க்க முயல வேண்டும். ஒன்று, இறுகப் பிடித்தல். இரண்டு, ஒரே பிடியில் நெடுநேரம் இருத்தல். மூன்று, மணிக்கட்டை வளைத்தோ முறுக்கியோ பாரம் தாங்குதல். எந்தக் கருவியைப் பார்த்தாலும், இம்மூன்றில் எதை அது நம் கையிடம் கேட்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

பெட்டியின் மேல் உள்ள எடையும் கை உணரும் எடையும்

கையால் தள்ளும் கம்பியில்லாத் தூசு உறிஞ்சிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 1.5 கிலோ முதல் 3 கிலோ வரை எடை உள்ளவை. விளம்பரத்தில் காட்டப்படும் எடை சில வேளைகளில் மோட்டார்ப் பகுதிக்கு மட்டும் உரியது. குழாயையும் தரைத் தூரிகையையும் சேர்த்த முழு எடை என்ன என்று கேட்டறிதல் வேண்டும்.

அதனினும் முக்கியமானது, அந்த எடை எங்கே அமைந்திருக்கிறது என்பது. நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்து நெடுந்தொலைவு நடந்தவர்கள் நம்மிடையே உண்டு. அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் சிறிது நேரமும் தாங்க இயலாது. குடத்தின் எடை மாறவில்லை. அதைத் தாங்கும் இடமே மாறியது.

சில கருவிகளில் மோட்டாரும் பேட்டரியும் தூசுக் கலமும் கைப்பிடியை ஒட்டி மேலே அமைந்திருக்கும். குழாயைக் கழற்றி மெத்தையையும் அலமாரியையும் தூய்மை செய்ய இவை வசதியானவை. ஆனால் தரையைத் தூய்மை செய்யும் நேரமெல்லாம் பாரத்தின் பெரும்பகுதி மணிக்கட்டின் மேலேயே இருக்கும். வேறு சில கருவிகளில் மோட்டார் கீழே, தரைத் தூரிகைக்கு அருகில் இருக்கும். மொத்த எடை சற்றுக் கூடுதலாக இருப்பினும் அதைத் தரையே தாங்கிக்கொள்வதால், தள்ளும்போது கைக்குப் பாரம் குறைவு. மாடிப்படிகளில் தூக்கிச் செல்வது மட்டும் கடினம். தரையை மட்டும் தூய்மை செய்ய விரும்புவோர்க்கும், மணிக்கட்டிலோ பெருவிரல் அடியிலோ வலி உள்ளோர்க்கும் இரண்டாம் வகையே பெரும்பாலும் பொருந்தும்.

கடைக்குச் செல்லுமுன் ஒரு சோதனை

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. சமையல் எண்ணெய் வரும் பிடிவைத்த பிளாஸ்டிக் கேனில் ஒரு லிட்டர் நீரை ஊற்றிக்கொள்ளுங்கள். முழங்கையை உடலோடு ஒட்டி மடக்கி, மணிக்கட்டு நேராக இருக்குமாறு கேனைப் பிடித்து, அறைக்குள் 5 நிமிடம் நடந்து பாருங்கள். இடையில் வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அடுத்த நாள் ஒன்றரை லிட்டர், அதற்கடுத்த நாள் இரண்டு லிட்டர் என்று பார்க்கலாம். எந்த அளவில் வலி கூடி, இரண்டு மணி நேரத்திற்குப் பிறகும் தணியாமல் நிற்கிறதோ, அந்த எடை உங்கள் கைக்கு ஏற்றதன்று. மூட்டுகள் வீங்கிச் சூடாக இருக்கும் நாள்களில் இச்சோதனை வேண்டாம்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியவை

கைப்பிடி: மெல்லிய பிடியை விரல்கள் இறுக்கிப் பற்ற நேரிடும். ஏறத்தாழ 3 முதல் 4 சென்டிமீட்டர் தடிமனும், வழுக்காத மேற்பரப்பும் பலருக்கும் இதமாக இருக்கும். தளர்வாகப் பற்றிய நிலையிலேயே கருவியைத் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள்.

இயக்கும் பொத்தான்: சில கருவிகள் துப்பாக்கியின் விசையைப் போல, விரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரையில்தான் ஓடும். மூட்டுவலி உள்ளவர்கள் இவற்றைத் தவிர்த்தல் நலம். ஒருமுறை அழுத்தினால் ஓடி, மறுமுறை அழுத்தினால் நிற்கும் பொத்தானே வேண்டும்.

தூசுக் கலம்: கடைக்காரர் திறந்து காட்டுவது போதாது, நீங்களே திறந்து மூட வேண்டும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளினால் திறக்கும் அமைப்பு நன்று. விரல்நுனியால் நெம்பவோ இரு கைகளால் முறுக்கவோ வேண்டியிருந்தால், நாள்தோறும் அதே வலியைப் பொறுக்க நேரிடும்.

தூரிகை: நீண்ட கூந்தல் உள்ளோர் வாழும் வீடுகளில் உருளைத் தூரிகையில் முடி சுற்றிக்கொள்ளும். அதைக் கத்தரியால் வெட்டி எடுப்பது விரல்களுக்குப் பெருந்தொல்லை. முடி எளிதில் சிக்காத தூரிகையையோ, எளிதாகக் கழற்றக் கூடியதையோ தேர்ந்தெடுக்கலாம்.

மின்னேற்றம்: சிறு முனையைத் துளைக்குள் செருகுவதும் கிள்ளிப் பிடிக்கும் செயலே. தாங்கியில் வைத்தவுடன் மின்னேற்றம் தொடங்கும் கருவி மேலானது. சுவரில் மாட்டும் தாங்கியாயின், தலைக்கு மேலே தூக்கி மாட்ட வேண்டாதபடி அது தாழ அமைந்திருக்க வேண்டும்.

ஆற்றல் மிகுந்தது நமக்குத் தேவையா?

கடைகளில் உறிஞ்சும் ஆற்றலையே பெரிதாகக் கூறுவர். தடித்த கம்பளம் விரித்த வீடுகளுக்கு அது தேவை. நம் வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் ஓடு, மொசைக், கிரானைட் போன்ற வழவழப்பான தரைகள். அவற்றின் தூசுக்குக் குறைந்த வேகமே போதும். ஆற்றல் மிகுந்தால் தூரிகை மிதியடியைக் கவ்விக்கொண்டு தள்ளுவதற்குக் கடினமாகும். மோட்டாரும் பேட்டரியும் பெரிதாவதால் எடையும் கூடும். ஆகவே சிறிய கருவி நமக்கு ஒரு குறையன்று.

ஈரத் தரைக்கென உருவாக்கப்படாத கருவியால் சமையலறையில் சிந்திய நீரை உறிஞ்சக் கூடாது. கோலமாவும் திருநீறும் போன்ற நுண்பொடிகள் வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். அவற்றை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே நல்லது. வடிகட்டி கழுவத்தக்கதாயின், நன்கு உலர்ந்த பின்னரே மீண்டும் பொருத்த வேண்டும்.

பயன்படுத்தும் முறை

காலையில் எழுந்தவுடன் விரல்கள் விறைத்திருக்கும் நேரத்தில் இப்பணியைத் தொடங்க வேண்டாம். வெந்நீரில் கையை நனைத்து, விரல்கள் இளகிய பின் தொடங்கலாம். கையை நீட்டி இழுப்பதைவிடக் கருவியோடு நாமும் நடப்பது நன்று. அவ்வாறு செய்தால் தோளும் உடலும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். இடையிடையே கையை மாற்றுங்கள். வீடு முழுவதையும் ஒரே மூச்சில் முடிக்காமல், ஒரு நாளைக்கு ஓர் அறை என்று வகுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பெருவிரலுக்குத் தாங்குபட்டை தந்திருந்தால், இவ்வேளையில் அதை அணிவது பற்றிக் கேட்டறியுங்கள். உத்தரத்து ஒட்டடையை அடிக்கக் கருவியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டாம்; அப்பணியைப் பிறரிடம் விட்டுவிடலாம்.

புதிய வீக்கம், விரல்களில் மரத்துப்போதல், பொருள்கள் கைநழுவி விழுதல் ஆகியவை தோன்றினால் கருவியை மாற்றிப் பயனில்லை. மருத்துவரைக் காண வேண்டும்.

குடும்பத்தாருக்கு

கருவியை வியப்புப் பரிசாக வாங்கித் தராதீர்கள். பயன்படுத்தப் போகிறவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். இயலாவிடில், திருப்பித் தரும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். “பிடிக்கிறதா?” என்று கேட்டால் உங்கள் மனம் நோகாதிருக்க “ஆம்” என்று சொல்லிவிடுவார்கள். “எந்த விரல் வலிக்கிறது?” என்று கேளுங்கள். உண்மை வெளிவரும். “நீங்கள் பேசாமல் உட்காருங்கள்” என்று எல்லா வேலைகளையும் பறித்துக்கொள்வதும் அன்பாகாது. தம் வீட்டைத் தாமே பேணுவதில் ஒருவருக்குள்ள நிறைவை எந்த மருந்தாலும் தர இயலாது. அதே வேளையில், வேலையை விட்டுவிட விரும்புகிறவரை வற்புறுத்துவதும் தகாது.

முன்னர்க் கூறிய அம்மையார் அடுத்த முறை மகனோடு வந்தார். அவர் சொல்லத் தயங்கியதை, அவருடைய ஒப்புதலோடு நாங்கள் எடுத்துரைத்தோம். மகன் சிறிதும் வருந்தவில்லை. “முன்பே சொல்லியிருக்கலாமே அம்மா” என்றார். பின்னர் இருவரும் கடைக்குச் சென்று, மோட்டார் கீழே அமைந்த எளிய கருவி ஒன்றை அம்மையாரே தள்ளிப் பார்த்து வாங்கினர். இப்போது கூடத்தையும் தம் அறையையும் அவரே தூய்மை செய்கிறார். மற்ற அறைகளை மருமகள் பார்த்துக்கொள்கிறார். பழைய கருவி மகன் வீட்டில் பயன்படுகிறது.