நுண் ஆர்.என்.ஏ.யும் புற்றுநோய் மருத்துவமும்

தமிழாசிரியன் உயிரியல் எழுதப் புகுந்தமை கண்டு மாணவர் நகைத்தல் கூடும். ஆயினும், இஃது எழுத்தும் ஓலையும் பற்றிய செய்தியாதலின் துணிந்தேன்.

நம் உடற்கலங்களில், டி.என்.ஏ. என்னும் மூலவோலையிற் பரம்பரைச் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அதனின்று படியெடுக்கப்பெறும் தூது ஆர்.என்.ஏ. சொல்லியவாறே புரதங்கள் ஆக்கப்படும். ஏறத்தாழ 22 எழுத்துக்களே கொண்ட நுண் ஆர்.என்.ஏ., அத்தூதோலையைப் பற்றிக்கொண்டு அதன் கட்டளை நிறைவேறாவண்ணம் தடுக்கும். 1993ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் விக்ரர் அம்புரோசும் கரி றவ்கினும் ஒரு மில்லிமீற்றர் நீளமுள்ள புழுவொன்றில் இதனைக் கண்டறிந்தனர். புழுவுக்கே உரிய விந்தையென்று அதனைப் பலர் பொருட்படுத்திலர். மனிதரிடத்தும் இத்தகையது உண்டென 2000இல் றவ்கின் குழுவினர் காட்டிய பின்னரே உலகு விழித்தது. 2024ஆம் ஆண்டு நோபல் பரிசு இவ்விருவரையும் சார்ந்தது.

புற்றுநோயோடு இதற்குள்ள தொடர்பு யாது? ஒருவகை வெண்குருதிப் புற்றுநோயாளர் பலரிடத்து 15, 16 என்னும் எண்ணுடைய நுண் ஆர்.என்.ஏ.க்கள் அழிந்தோ குறைந்தோ இருத்தலை 2002இல் காலோ குறோசே குழுவினர் கண்டனர். கலத்தை இறவாமற் காக்கும் புரதமொன்றை அடக்குவன இவை. காவல் நீங்கவே, இறக்கவேண்டிய கலம் இறவாது நிலைக்கும். மாறாக, 21ஆம் எண்ணுடையது பல கட்டிகளில் மிகுந்து, கட்டியைத் தடுக்கும் புரதங்களையே ஒடுக்கிவிடும். ஆதலின் மருத்துவவழி இரண்டு: குறைந்ததை ஈடுசெய்தல்; மிகுந்ததை எதிரிழையாற் பிணித்தல்.

முதல்வழி பற்றிய சோதனையொன்று, 34ஆம் எண்ணுடைய நுண் ஆர்.என்.ஏ.யின் போலியைக் கொண்டு 2013இல் தொடங்கிற்று. சிலரிடத்துக் கட்டி சுருங்கியது. ஆனால் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கடும் விளைவுகளால் நால்வர் உயிர்நீத்தனர். 2016இற் சோதனை நிறுத்தப்பட்டது. நுண் ஆர்.என்.ஏ. ஒன்றே பற்பல தூதோலைகளைத் தடுக்கவல்லது. அதன் பெருமையும் அதுவே; இடரும் அதுவே. மருந்தைக் கட்டியிடத்து மட்டும் செலுத்துதலும் எளிதன்று.

புற்றுநோய்க்கென அங்கீகாரம் பெற்ற நுண் ஆர்.என்.ஏ. மருந்து இன்னும் இல்லை. ஆதலின், புதுமருந்து வந்ததென்னும் பேச்சை நம்பி, உள்ள சிகிச்சையை எவரும் கைவிடலாகாது. மாணவர்களே, சிறு புழுவை ஆராய்ந்தார் பொறுமையால் இவ்வாயில் திறந்தது. அந்நால்வரை மறவாத விழிப்போடு அதனுட் செல்லுதல் உங்கள் தலைமுறையின் கடன்.